முந்நூற்று எண்பத்தாறு கட்டங்கள்

1992 ஆகஸ்ட் 18, செவ்வாய்க்கிழமை. காலை 4.50க்கு விழித்தேன். படுக்கையிலேயே இடது காலுக்குக் கட்டுப் போட்டேன். 5.05க்குத் தெருக் குழாயில் ஆறு குடம் தண்ணீர் பிடித்தேன். சோறு, கத்தரிக்காய்க் குழம்பு. கணவருக்கும் மகளுக்கும் டிபன் டப்பா. 6.25க்குச் சென்னீர்குப்பத்தில் பஸ் ஏறி, வானகரத்தில் இறங்கி அடுத்த பஸ் பிடித்து, 7.40க்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் கம்பெனி வாசலில் கார்டு பஞ்ச் செய்தேன்.

அன்று வழக்கத்துக்கு மாறாக ஒன்று செய்தேன். பஸ் ஏறுவதற்கு முன் ஓர் அட்டைப்பெட்டியை வெட்டிக் கணுக்காலைச் சுற்றி வைத்து, சணல் கயிற்றால் கட்டிக்கொண்டேன். நெரிசலில் யாருடைய கூடையாவது இடித்தால் ஒன்பது மாத உழைப்பு போய்விடும். பதினொரு மணிக்குக் கம்பெனியின் வருடாந்திர மருத்துவப் பரிசோதனை இருந்தது.

முந்தைய வருடப் பரிசோதனையில் கம்பெனி டாக்டர் என் தாளில் எழுதியிருந்த வரி எனக்கு மனப்பாடம்: “இடது கணுக்காலில் ஆறாத புண். அடுத்த வருடமும் இருந்தால் நின்று செய்யும் வேலைக்குத் தகுதியில்லை.” எங்கள் கம்பெனியில் உட்கார்ந்து செய்யும் வேலை ஆபீசில் மட்டும்தான் உண்டு. எட்டாவது வரை படித்தவளுக்கு அங்கே இடமில்லை. அதாவது, புண் இருந்தால் வேலை இல்லை.

நாங்கள் செய்தது கிணற்று மோட்டார்களுக்கான வால்வு. அது தண்ணீரை மேலே போக விடும், கீழே திரும்ப விடாது. ஒவ்வொரு வால்வையும் தாங்கியில் பொருத்தி, மேலே தண்ணீர் நிறுத்தி, ஒரு நிமிடம் பார்ப்பது என் வேலை. சொட்டினால் சிவப்புத் தொட்டியில் போட வேண்டும். இதைப் பதினாறு வருடமாக நின்றபடியே செய்துவந்தேன். காலில் நரம்புகள் புடைத்துச் சுருண்டதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1989 தீபாவளிக்கு முன் ஒரு சைக்கிள் பெடல் இடித்து, உள் கணுக்காலுக்குச் சற்று மேலே தோல் கிழிந்தது. அது மூடவே இல்லை. மஞ்சள், வேப்பெண்ணெய், மூன்று வகைக் களிம்பு, ஒரு பவுடர் எல்லாம் போட்டுப் பார்த்தேன். இரண்டு முறை சர்க்கரை பார்த்தார்கள். சர்க்கரை இல்லை.

கட்டு நானே போட்டுக்கொள்வேன். கணுக்காலுக்கு நழுவி வந்துவிடுகிறது என்பதால் முழங்காலுக்குக் கீழே நன்றாக இறுக்குவேன். புண் மூச்சு விடட்டும் என்று கீழே தளர்வாக விடுவேன். இரண்டு வருடம் அப்படித்தான் கட்டினேன்.

1991 நவம்பரில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கிருந்த பெண் டாக்டர் புண்ணைப் பார்க்கும் முன் கட்டைப் பார்த்தார்.

“யாரும்மா போட்டது இது?”

“நான்தான்.”

“மேல இறுக்கி, கீழ லூசா விட்டிருக்கீங்க. தலைகீழா இருக்கு.”

பிறகு பாதத்தின் மேல் இரண்டு விரல்களை வைத்து நாடி பார்த்தார். “ரத்தம் கீழ வர்றது நல்லாத்தான் வருது. மேல திரும்பிப் போறதுதான் சரியில்ல. கால் நரம்புக்குள்ள சின்னச் சின்ன வால்வு இருக்கும்மா. மேல போன ரத்தத்தைத் திரும்ப விடாது. உங்களுக்கு அது லீக் ஆகுது. ரத்தம் கீழயே தேங்கி நின்னா புண் எப்படி ஆறும்?”

“சிவப்புத் தொட்டி” என்றேன். அவருக்குப் புரியவில்லை. எனக்கு எல்லாம் புரிந்தது. ஒரு நாளைக்கு நானூறு வால்வு பார்க்கிறவளின் காலுக்குள் சொட்டுகிற வால்வு இருந்திருக்கிறது.

அவர் சொன்னதை அன்றே டைரியில் எழுதினேன். காலையில் கால் தரையில் படுவதற்கு முன் க்ரேப் பேண்டேஜ் சுற்ற வேண்டும். விரல்களின் அடியிலிருந்து தொடங்க வேண்டும். கீழே இறுக்கம், மேலே போகப் போகக் கொஞ்சம் தளர்வு. படுக்கும்போது கால் நெஞ்சைவிட உயரத்தில் இருக்க வேண்டும். நடக்கலாம், ஆனால் ஒரே இடத்தில் நிற்கக் கூடாது. புண் ஆறிய பிறகு நரம்புக்கு என்ன செய்வதென்று பார்க்கலாம்.

கட்டிலின் கால்மாட்டில் பக்கத்துக்கு இரண்டு செங்கல் வைத்தேன். அம்பத்தூரை அடுத்த பாடியில் லாரி ஷெட் வேலை முடிந்து வந்த என் கணவர் அதைப் பார்த்துவிட்டு நின்றார்.

“இன்னாமே இது? நான் இன்னா ராவெல்லாம் சறுக்குமரம் ஆடணுமா?”

“தலைய இந்தப் பக்கம் வச்சிக்கோ.”

“அப்போ உன் காலு என் மூஞ்சிக்கு நேரா வருமே!”

“கழுவிகினுதான் படுக்கறேன்.”

ஒன்பது மாதம் அவர் அப்படித்தான் படுத்தார். அதை இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

நவம்பர் 24, ஞாயிறு. கழுவிய பாலிதீன் தாளைப் புண்ணின் மேல் வைத்து, ஓரத்தைப் பேனாவால் வரைந்தேன். அந்தத் தாளை மகளின் கிராஃப் நோட்டின் மேல் வைத்து மில்லிமீட்டர் கட்டங்களை எண்ணினேன். 386. ஒவ்வொரு ஞாயிறும் அதே நேரத்தில் அப்படியே அளந்தேன். டிசம்பர் முழுக்க 380க்குக் கீழே இறங்கவில்லை. பொங்கலுக்கு நான்கு நாள் விடுமுறை, அந்த வாரம் 361. பிப்ரவரியில் ஓவர்டைம், அந்த மாத முடிவில் 402. கட்டு அதே கட்டு, கால் அதே கால். மாறியது நின்ற நேரம் மட்டும்தான்.

சூப்பர்வைசரிடம் போய் ஒரு ஸ்டூல் கேட்டேன்.

“இன்னாம்மா நீ, எஸ்டேட்ல எந்த கம்பெனில உக்காந்துகினு செக்கிங் பண்றாங்க? உக்காந்தா கண்ணு சொக்கும். இன்னிக்கு ஸ்டூலு கேப்ப, நாளிக்கு தலகாணி கேப்ப.”

பக்கத்து மேஜைக்காரி சிரித்துவிட்டாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள், வாய் ஓயாது. “யக்கா, அப்டியே எனக்கும் ஒரு பாய் சொல்லு.”

எழுதிக் கொடுத்தேன். பதில் வரவில்லை. மார்ச் 4ஆம் தேதி வேறொன்று செய்தேன். எங்கள் ஹாலில் ஒரு போர்டு உண்டு. எந்த மெஷினில் எத்தனை பீஸ் ரிஜெக்ட் என்று வாராவாரம் கிராஃப் ஒட்டுவார்கள். மேனேஜர் தினமும் 9.15க்கு வந்து முதலில் அதைத்தான் படிப்பார். நானும் ஒரு கிராஃப் போட்டேன். சிவப்புக் கோடு வாரத்தில் நான் நின்ற மணி நேரம். நீலக் கோடு ஞாயிறு எண்ணிய கட்டங்கள். தலைப்பு எழுதாமல் மற்றவற்றின் நடுவில் ஒட்டினேன்.

9.15க்கு மேனேஜர் வந்தார். என் தாளின் முன் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

“இது எந்த மெஷின்? பேர் போடலையே.”

சூப்பர்வைசர் எட்டிப் பார்த்தார். அவருக்கும் தெரியவில்லை.

“சிவப்பு ஏறினா நீலமும் ஏறுது, இறங்கினா இறங்குது. காரணம் இவ்வளவு தெளிவாத் தெரியுது. அப்புறம் ஏன்யா இன்னும் சரி பண்ணல?”

“பண்ணிர்றேன் சார்” என்றார் சூப்பர்வைசர்.

நான் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் போனேன். “சார், அது மெஷின் இல்ல. என் இடது காலு.”

 பக்கத்து மேஜைக்காரி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குனிந்தாள். மேனேஜர் என் காலைப் பார்க்கவில்லை. கிராஃபைத்தான் மறுபடி பார்த்தார். எப்படி அளந்தேன், எந்த நேரத்தில் அளந்தேன் என்று கேட்டார். சொன்னேன்.

“சரி பண்றேன்னு இப்பதானே சொன்னீங்க?” என்று சூப்பர்வைசர் பக்கம் திரும்பினார். “டிராயிங் ஆபீஸ்ல இருந்து உயர ஸ்டூல் ஒண்ணு கொண்டாந்து போடுங்க.” என்னிடம், “மூணு மாசம் பார்ப்பேன். உங்க மேஜையிலேருந்து தப்பிப் போற லீக் பீஸ் ஒண்ணு கூடினாலும் ஸ்டூல் திரும்பிப் போயிடும்” என்றார்.

மார்ச் 9, திங்கட்கிழமை ஸ்டூல் வந்தது. கீழே ஒரு காலி மரப்பெட்டியைப் போட்டு அதன் மேல் காலை வைத்துக்கொண்டேன். மணிக்கு ஒரு முறை எழுந்து ஹாலின் கடைசி வரை நடந்து வந்தேன். “மகாராணி தர்பார் நடத்தறாங்க, வழி உடுங்க” என்று பக்கத்து மேஜைக்காரி தினமும் அறிவித்தாள். நான் கண் சொக்கவில்லை. முன்பு மாதத்துக்கு ஏழெட்டு லீக் பீஸ் என்னிடமிருந்து தப்பிப் போகும். ஏப்ரலில் நான்கு. ஜூனில் இரண்டு. கால் வலி இல்லாதவளின் கண் வால்வின் மேல் இருக்கிறது, அவ்வளவுதான்.

நீலக் கோடும் இறங்கியது. ஏப்ரல் கடைசி ஞாயிறு 240. ஜூன் கடைசியில் 95. ஜூலை கடைசியில் 21. ஆகஸ்ட் 16 ஞாயிறு பாலிதீன் தாளை வைத்தேன், வரைய ஒன்றுமில்லை. இளஞ்சிவப்பாக, வெங்காயத் தோல் கனத்தில் புதுத் தோல். டைரியில் 0 என்று எழுதினேன். ஆனால் பீஸைச் செய்தவளே அதைப் பாஸ் பண்ணக் கூடாது என்பது எங்கள் ஹாலின் விதி. அதனால் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டேன். அந்தத் தோல் செவ்வாய்க்கிழமை வரை தாங்க வேண்டும்.

செவ்வாய் 11.20க்கு என் முறை வந்தது. கம்பெனி டாக்டர் பழைய தாளைப் படித்தார். “கட்டைப் பிரிங்க.”

பிரித்தேன், பிரிக்கப் பிரிக்கச் சுருட்டினேன். அவர் குனிந்து பார்த்தார். கட்டைவிரலால் சுற்றிலும் அழுத்தினார்.

“இது சரி. புண் இருக்கற காலைக் காட்டுங்க.”

“இதான் சார் அந்தக் காலு.”

தாளைப் பார்த்தார். வலது காலையும் காட்டச் சொல்லிப் பார்த்தார். மறுபடி இடது காலுக்கு வந்தார். “89லேருந்து இருக்கற புண்ணுன்னு போட்டிருக்கு. என்ன மருந்து போட்டீங்க?”

“பேண்டேஜு, நாலு செங்கல்லு, ஒரு ஸ்டூலு சார்.”

அவர் “தகுதி” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்த மூன்று எழுத்துகளும் காய்கிற வரை அங்கேயே நின்றேன். நான் நிற்கக் கூடாதவள் என்பது அப்போது நினைவில் இல்லை.

மூன்று மணிக்கு மேனேஜர் என் மேஜைக்கு வந்தார். ஜூன், ஜூலை லீக் கணக்கு அவர் கையில் இருந்தது. மீதி ஐந்து மேஜைக்கும் ஸ்டூல் போடச் சொன்னார். நாலரை மணிக்குச் சூப்பர்வைசரே தலைக்கு மேல் ஒன்று, கையில் ஒன்றாகத் தூக்கி வந்தார். பக்கத்து மேஜைக்காரி முதல் ஸ்டூலில் ஏறி உட்கார்ந்து இரண்டு முறை ஆடிப் பார்த்தாள்.

“இன்னா சார், தலகாணி எப்போ வரும்?”

ஹால் முழுக்கச் சிரித்தது. சூப்பர்வைசரும் சிரித்தார். “யம்மா, உங்க கிராஃபுக்கு ஒரு கும்புடு” என்று என்னைப் பார்த்துக் கை கூப்பினார். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக டைரியைத் திறந்து, பென்சில் கேள்விக்குறியை அழித்தேன்.

மறுநாள் 19, புதன்கிழமை, காலை 4.50. ஆறியது தோல்தான், உள்ளே வால்வு இன்னும் சொட்டிக்கொண்டுதான் இருந்தது. இடது கால் செங்கல் உயரத்திலேயே இருந்தது, தரையைத் தொடவில்லை. தலையணை ஓரத்திலிருந்து சுருளை எடுத்து, விரல்களின் அடியில் வைத்து, முதல் சுற்றை இறுக்கிச் சுற்றினேன்.