தொண்ணூற்றாறு கிலோ வெல்லம்

இதை எழுத நான்கு வருடமாகத் தயங்கினேன். எழுதினால் என் எடையையும் சொல்ல வேண்டும். அதுதான் காரணம்.

பேரையூர்ப் பக்கம் எங்கள் ஊர். மாசமாக இருந்தபோது சுகாதார நிலையத்தில் எடை பார்க்கக் கூப்பிட்டால், "போன தடவை உள்ளதையே போட்டுக்கங்கக்கா" என்று நழுவிவிடுவேன். வரிசையில் நிற்கிறவர்கள் சிரிப்பார்கள் என்று கூச்சம்.

ஆடியில் மகன் பிறந்தான். பன்னிரண்டாம் நாள் காய்ச்சல். பால் குடிக்கவில்லை, அழவும் இல்லை. மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ரத்தத்தில் கிருமி என்றார்கள்.

"தாய்க்கு எடை ரொம்பக் கூடியிருந்தா பிள்ளைக்கு எதிர்ப்புச் சக்தி குறைவா இருக்கலாம். ஆனா இவனுக்கு அதுதான் காரணம்னு சொல்ல முடியாது" என்றார் டாக்டரம்மா. முதல் பாதிதான் என் காதில் விழுந்தது. என் பாலும் ஆகாது என்று நினைத்து, பீச்சிக் கொடுக்காமல் சுவரோடு சாய்ந்து கிடந்தேன்.

நர்ஸக்கா வந்து அதட்டினார். "உடம்பு பெருத்தா பாலு கெட்டுப்போகுமாத்தா? மருந்து நாங்க குடுக்கிறோம். பால் நீதான் குடுக்கணும். எந்திரி."

எழுந்தேன். வராண்டாவில் நின்று எங்கள் ஊர் மாரியம்மனை நினைத்தேன். தருவதற்கு என்னிடம் வேறெதுவும் இருப்பதாகத் தோன்றவில்லை. "தாயே, பிள்ளையைக் கொடு. ஊரே பார்க்கத் தராசில் ஏறி, என் எடைக்கு எடை வெல்லம் தருகிறேன்."

ஆஸ்பத்திரியில் சேர்த்த பத்தாம் நாள் அவன் என் மடியில் பால் குடித்தான். மருந்து வேலை செய்தது. நர்ஸக்கா வாயால் என்னை எழுப்பி நிறுத்தியவள் அந்த மாரியம்மன்.

வேண்டுதலைக் கேட்டு மாமியார் தலையில் கை வைத்தார். "ஏத்தா, பிள்ளை எடைக்கு வேண்டியிருந்தா மூணு கிலோவோட போயிருக்கும்ல. அம்புட்டு வெல்லத்துக்கு எங்கிட்டுப் போறது?"

மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கல் திருவிழாவில் தராசில் ஏறினேன். என் தட்டு எழும்பவில்லை. "இன்னொரு மூட்டை எடுத்து வாங்கப்பா" என்றார் பூசாரி. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் தோளிலிருந்து மகனும் என்னைப் பார்த்துச் சிரித்தான். தட்டு மேலே வந்தபோது அழுதுவிட்டேன்.

இப்போது மாதம் ஒருமுறை நானே போய் எடை பார்க்கிறேன். மெதுவாகத்தான் குறைகிறது. அசதி போகவில்லை. அவன் இருமினால் இன்றும் நெஞ்சு பதறும். ஆனால் ஒளிவதை விட்டுவிட்டேன்.

தாய்மார்களே, ஆஸ்பத்திரித் தராசுக்கும் பயப்படாதீர்கள். அம்மனிடமும் எதையும் மறைக்காதீர்கள். இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது ஒன்றையும் மாற்ற வேண்டாம். இரக்கப்பட்டு என் எடையைக் குறைக்கவும் வேண்டாம். தொண்ணூற்றாறு என்றே சொல்லுங்கள்.