கேட்டில் கொட்டிய டீச்சக்கை

என் அத்தை திருடுகிறாள் என்று பொய் சொன்னவன் நான். அவள் திருடவில்லை என்பது அதைச் சொல்லும்போதே எனக்குத் தெரியும். அப்போது எனக்குப் பதினோரு வயது. தப்பித்துக்கொள்வதற்காக வயதைச் சொல்லவில்லை. பதினோரு வயதில் பொய்க்கும் மெய்க்கும் வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

அத்தை என் அப்பாவின் தங்கை. எழுபதுகளின் கடைசியில் ஓசூரில் தொழிற்சாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தபோது, தளி ரோட்டில் இருந்த எங்கள் ஊரிலிருந்து முதலில் வேலைக்குப் போன பெண் அவள்தான். ஸ்விட்சுகளுக்குள் பித்தளைத் துண்டுகளைப் பொருத்தும் வேலை. பெயருக்கு டிரெய்னி. வருஷக் கடைசியில் நிரந்தரம் செய்வதாகச் சொல்லியிருந்தார்கள். அது ஆன பிறகுதான் கல்யாணப் பேச்சு என்று அத்தை வீட்டில் சொல்லிவிட்டாள். இனி யார் காட்டிலும் களையெடுக்கப் போகமாட்டேன் என்பதுதான் அதற்குப் பொருள்.

எங்கள் குடும்பத்துக்கு ஒரு வழக்கம் இருந்தது. எங்கே போனாலும் சாப்பிட்ட இலையையும் உரித்த தோலையும் அங்கே போட்டுவிட்டு வரமாட்டோம். திருப்பதி மலைக்குப் போனாலும் வாழைப்பழத் தோல் எங்களோடு பஸ் ஏறி எங்கள் எருக்குழிக்கே வந்து சேரும். யாரும் இதற்கு ஒரு பெயர் வைத்ததில்லை. எங்களுடையது கல்லுக்காடு, மாட்டுச் சாணி மட்டும் போதாது, அவ்வளவுதான். உறவுக்காரர் கல்யாணங்களில் நாங்கள் கோணிச்சாக்கோடு நுழைந்ததும் "சாக்கு வந்தாச்சு, இலையை எடுத்து வையுங்கப்பா" என்று யாராவது குரல் கொடுப்பார்கள். அப்பாவும் கூடவே சிரிப்பார். ஊர் திரும்பும்போது சாக்கு நிறைந்திருக்கும்.

வேலைக்குப் போன இடத்திலும் அத்தை இதை விடவில்லை. கேண்டீனில் டீ வடிகட்டிய சக்கையைப் பின்பக்கச் சாக்கடையில் கொட்டுவதை முதல் வாரமே பார்த்துவிட்டாள். மறுநாளிலிருந்து ஒரு துணிப்பையில் அதைப் பிழிந்து வாங்கி வர ஆரம்பித்தாள். வீட்டுக்குப் பின்னால் அவள் வைத்திருந்த பட்டன் ரோஜாவுக்கு அது போகும். தொழிற்சாலை கேட்டில் பையைத் தடவிப் பார்க்கும் வாட்ச்மேன் பட்டாளத்தில் இருந்து வந்த கன்னடக்காரர்.

"ஏனம்மா, உனக்குச் சம்பளம் சக்கையாவே குடுக்கறாங்களா?"

"சம்பளம் எனக்கு சார். இது எங்கூட்டு ரோஜாவுக்கு."

நான் ஓசூரில் படித்தேன். பள்ளிக்கூடம் விட்டதும் அந்த கேட்டுக்கு வந்து நிற்பேன், இருவரும் சேர்ந்து பஸ் ஏறுவோம். எவ்வளவு பிழிந்தாலும் பை சொட்டும். ஒருநாள் பஸ் கூட்டத்தில் அந்தப் பழுப்புத் தண்ணீர் என் வகுப்புப் பையன் ஒருவனின் வெள்ளைச் சட்டையில் இறங்கிவிட்டது. அடுத்த நாள் முதல் பள்ளிக்கூடத்தில் என் பெயர் 'சக்கை'. வருகைப்பதிவு எடுக்கும்போது என் பெயருக்கு நான் பதில் சொல்வதற்குள் பின்பெஞ்சிலிருந்து அந்தப் பெயர் வரும்.

"அத்தை, இனிமே அந்தப் பையக் கொண்டாராத" என்றேன்.

"ஏன்டா, பை உன்னயக் கடிக்குதா?"

ஏன் என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இதை எழுத வேண்டியிருந்திருக்காது.

அடுத்த நாள் மாலை, சங்கு ஊதுவதற்கு முன்பே கேட்டுக்குப் போனேன். வாட்ச்மேனிடம், "எங்கத்தை பையில சக்கைக்கு அடியில பித்தளைத் துண்டு இருக்குங்க" என்றேன். என் கணக்கு எளிமையானது. அவர்கள் பையைத் தேடுவார்கள், ஒன்றும் இருக்காது, ஆனாலும் இனிமேல் பை கூடாது என்று சொல்லிவிடுவார்கள். பெரியவர்களுடைய உலகம் அதோடு நின்றுவிடும் என்று நான் நினைத்தேன்.

ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்த எல்லோருக்கும் முன்னால் பையைச் சிமெண்டுத் தரையில் கவிழ்த்தார்கள். வாட்ச்மேன் லத்தியால் கிளறினார். சக்கை மட்டும்தான் இருந்தது. அதற்குள் உள்ளேயிருந்து ஓர் அதிகாரி வந்தார். "இன்னைக்கு இல்லைன்னா, இத்தனை நாளா இல்லைன்னு யாருக்குத் தெரியும்?" என்று கேட்டு அத்தையின் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார். விசாரித்துவிட்டுச் சொல்லி அனுப்புகிறோம், அதுவரை வரவேண்டாம் என்றார்.

அத்தை அங்கேயே உட்கார்ந்து, சிதறிய சக்கையை இரண்டு கையாலும் வழித்துப் பைக்குள் போட்டாள். அவளோடு வேலை செய்த பெண்கள் சுற்றி நடந்து போனார்கள். ஒருத்தி மட்டும் நின்று, "விட்றி, எந்திரிடி" என்றாள். அத்தை தரையில் ஒட்டியிருந்ததையும் சுரண்டி எடுத்த பிறகுதான் எழுந்தாள். நான் எதிர்ப்பக்கப் பெட்டிக்கடையில் மிட்டாய் பாட்டில்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வீட்டில் அப்பா கத்தினார். "ஒரு கை சக்கைக்காக மானம் போச்சு. போய்ச் சாக்கடையில கொட்டு!" அத்தை ரோஜாச் செடிகளுக்குப் போட்டாள். இரண்டு நாள் வீட்டிலேயே இருந்தாள். மூன்றாம் நாள் காலையில், பக்கத்துக் காட்டுக்காரர் களையெடுக்க ஆள் கேட்டு வந்தபோது, களைக்கொத்தைத் தேடி எடுத்தாள். அதைப் பார்த்ததும் புத்தகப் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் நேராக கேட்டுக்குப் போனேன். "நான் சொன்னது பொய்ங்க" என்றேன். வாட்ச்மேன் கையை ஓங்கினார், அடிக்கவில்லை. அதிகாரியிடம் இழுத்துப் போனார். அவர் நான் சொன்னதையெல்லாம் கேட்டு முடித்துவிட்டு, "உங்க அத்தைகிட்டச் சொன்னியா?" என்றார். இல்லை என்றேன்.

"முதல்ல அங்க போய்ச் சொல்லு. நாளைக்கு ரெண்டு பேரும் வாங்க."

அது அடியைவிடக் கொடுமையாக இருந்தது. காட்டுக்குப் போய், வரப்பில் நின்றபடியே சொன்னேன். சட்டை, பஸ், பட்டப்பெயர் எல்லாவற்றையும் சொன்னேன். அத்தை களைக்கொத்தைக் கீழே வைக்காமல் கேட்டாள். 

"என்னாடா, சக்கைன்னா கூப்புட்டாங்க?"

"ஆமா."

"இதை அன்னைக்கே சொல்றதுக்கு என்னாடா?" என்றவள் மறுபடி குனிந்து களையெடுக்கத் தொடங்கினாள்.

மறுநாள் அதிகாரி முன்னால் நான் மறுபடியும் எல்லாவற்றையும் சொன்னேன். அட்டையைத் திருப்பிக் கொடுத்த அவர், "இனிமே அந்தப் பை எதுக்கும்மா? வம்புதானே?" என்றார்.

"வரும் சார். நீங்க தெனமும் கொட்டிப் பாருங்க" என்றாள் அத்தை.

ஆனால் அதற்குப் பிறகு வந்தது பை இல்லை, இறுக்கமான மூடி போட்ட தூக்குச்சட்டி. வாட்ச்மேன் திறந்து பார்க்கச் சுலபம் என்பதற்காக மாற்றிவிட்டாள் என்று பல வருஷம் நினைத்திருந்தேன். அதிலிருந்து ஒரு சொட்டும் கீழே விழாது என்பது எனக்குத் தோன்றவே இல்லை. சில மாதங்களில் வேறு மூன்று பெண்களும் தூக்குச்சட்டி கொண்டுவந்தார்கள். சக்கைக்குப் போட்டி வந்துவிட்டது என்று அத்தை வீட்டில் அலுத்துக்கொள்வாள், முகம் மட்டும் மலர்ந்திருக்கும்.

நான் உண்மையைச் சொல்லிவிட்டேன், அத்தை வேலைக்குத் திரும்பிவிட்டாள், எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று நிம்மதியாக இருந்தேன். அந்த வருஷக் கடைசியில் ஒரு மாலை அத்தை கைநிறைய மைசூர்பாகோடு வந்தாள். அவளோடு சேர்ந்த பெண்கள் எல்லோரும் நிரந்தரமாகிவிட்டார்கள், அவர்கள் கொடுத்தது. விசாரணை நடந்த ஆள் என்பதால் அவளை மட்டும் இன்னொரு வருஷம் டிரெய்னியாகவே வைத்தார்கள். அடுத்த வருஷம் அவளும் நிரந்தரமானாள், கல்யாணமும் நடந்தது. ஆனால் தள்ளிப்போன அந்த ஒரு வருஷத்தைப் பற்றி நான் கல்லூரிக்குப் போன பிறகுதான், அதுவும் அப்பா சொல்லித்தான், தெரிந்துகொண்டேன்.

அன்று மாலை எனக்குத் தெரிந்தது இனிப்பு மட்டும்தான். "நிரந்தரமா அத்தை?" என்று கேட்டேன்.

"ஆமாடா, சாப்பிடு" என்று தன் பங்கையும் என் கையில் வைத்தாள். நிரந்தரம் யாருக்கு என்று நான் கேட்கவில்லை. இரண்டையும் சாப்பிட்டேன்.