ஒரிஜினல் அக்காவின் சுவர்

ஜெராக்ஸ் இயந்திரத்தின் மூடியைத் தூக்குகிறார். கண்ணாடியை உள்ளங்கையால் ஒரு தடவு தடவுகிறார். பிறகு இடுப்பை வளைத்துக் குனிந்து, மூடியின் அடிப்பக்கத்தை அண்ணாந்து பார்த்து, அங்கேயும் இரண்டு தட்டு தட்டுகிறார். அதற்கப்புறம்தான் எதிரில் நிற்பவரைப் பார்த்து அந்தக் கேள்வி: "ஒரிஜினல் எடுத்துக்கிட்டீங்களா?"

ஒரு நாளைக்கு நூறு தடவையாவது இதைக் கேட்பதால் தெருவே அவரை ஒரிஜினல் அக்கா என்கிறது. அவருக்கு நாற்பத்தாறு வயது. அறுபதைத் தொடப்போகிற நானும் அக்கா என்றுதான் சொல்கிறேன். அவர் என்னை "சார்" என்பார். கோபம் வந்தால் "எழுத்தாளர் சார்" என்பார். கண்ணாடியைத் தடவுவதும் கேள்வி கேட்பதும் பதினேழு வருடப் பழக்கம். குனிந்து பார்த்துத் தட்டுவது மட்டும் போன மாதம் சேர்ந்தது. அதற்குக் காரணம் அடியேன்தான்.

இசைப் பள்ளிக்கும் பேருந்து நிறுத்தத்துக்கும் நடுவில் இருக்கிறது அவருடைய ஜெராக்ஸ் கடை. நாலு பேர் நின்றால் ஐந்தாவது ஆள் மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இரண்டு இயந்திரங்கள், ஒரு ஸ்டூல், ஒரு மேசை விசிறி. விசிறிக்குப் பின்னால் ஒரு சுவர். கடைக்கு வருகிறவர்கள் விலைப் பட்டியலைத் தேடி அந்தச் சுவரைப் பார்ப்பார்கள். பட்டியல் இருக்காது. படங்கள் இருக்கும். தூங்கும் பூனை, ஒற்றைச் செருப்பு, காலி நாற்காலிகள், ஒரு மழைக்கால ஜன்னல். எல்லாமே காப்பி. வரைந்தவர்கள் அத்தனை பேரும் பாடுகிறவர்கள், வாசிக்கிறவர்கள்.

சுவர் தொடங்கியது ஒரு தவறில். டிரம்ஸ் வாசிக்கும் தாடிக்காரர் ஒருவர் இசைக்குறிப்புத் தாளைக் கொடுத்து இருபது காப்பி கேட்டிருக்கிறார். அக்கா தாளைத் திருப்பி வைத்துவிட்டார். இருபது காப்பியிலும் வந்தது பின்பக்கத்தில் பென்சிலால் கிறுக்கியிருந்த பூனை. "செத்தேன்னு நெனச்சேன் சார். அவரு பாத்துட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறாரு. ஒண்ண நீயே வெச்சுக்கோன்னு குடுத்துட்டாரு. மேடையில அந்த மனுஷன் அடிக்கிற அடியில தூண் ஆடும். இங்க பாருங்க, பூனை மீசையை எப்படி இழுத்திருக்காருன்னு. மூச்சு விட்டாக் கலைஞ்சிடும்!"

அன்று பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை. ரசிகை என்றால் சாதாரண ரசிகை இல்லை. கச்சேரிக்குப் போனால் நடுவில் உட்கார மாட்டார். கை தெரிகிற மாதிரி ஓரமாக உட்காருவார். முடிந்ததும் எல்லோரும் "பிரமாதம்" என்று சொல்லிக்கொண்டிருக்க, இவர் வயலின்காரரின் காதோரம் போய், "ஏன் சார், மரத்துக்கு நிழல் போடுறத நிறுத்திட்டீங்களா?" என்று கேட்பார். அந்த மனிதர் கைதட்டலை மறந்துவிட்டு நிழலைப் பற்றிப் பத்து நிமிடம் பேசுவார்.

இவருக்குப் படம் வருமா? "நான் கோடு போட்டாக் கோணல். பாட வாயத் தொறந்தாத் தெருவே கதவச் சாத்தும்," என்று அவரே சொல்லிவிடுவார். எலக்ட்ரீஷியனான அவருடைய கணவர் ஒருமுறை என்னிடம் முறையிட்டார்: "எம் பொறந்த நாள் எதுன்னு கேளுங்க, முழிப்பா. அந்தப் பாடகர் எந்த வருஷம் நாற்காலி வரைய ஆரம்பிச்சாருன்னு கேளுங்க, கடகடன்னு சொல்லுவா."

பாடகரின் நாற்காலிகள் பற்றி அக்காவுக்கு ஒரு கருத்து உண்டு. "மேடையில நின்னு பாக்குறப்ப அவருக்கு மொதல்ல தெரியுறது காலி நாற்காலிதானே சார்? அந்தப் பயத்த வீட்டுல உக்காந்து வரைஞ்சு தீத்துக்குறாரு." கிடார் சொல்லிக் கொடுப்பவர் செருப்புகளாக வரைவதற்கும் காரணம் வைத்திருக்கிறார். "பசங்க தப்பா வாசிக்கிறப்ப அதுங்க மூஞ்சியப் பாக்க மாட்டாராம். தலையக் குனிஞ்சுக்குவாராம். அப்ப என்ன தெரியும்? செருப்புதான்." இதெல்லாம் உண்மையா என்று எனக்குத் தெரியாது. ஆனால் புதுப் படம் ஒன்றைக் காட்டி, வரைந்தவர் என்ன வாசிப்பவர் என்று என்னைக் கேட்பார். இதுவரை ஒன்றுகூட நான் சரியாகச் சொன்னதில்லை. அவர் சொன்னது தவறியதில்லை.

"வாசிக்கிறது அவங்க வேல சார். நாலு பேரு பாக்குறாங்க, பாராட்டுறாங்க. வரையுறது சும்மா. யாரும் கேக்கல, யாரும் பாக்கல. அந்தச் சும்மாவுலதான் சார் ஆளு தெரியுறாங்க." சுவரில் இடம் கிடைக்க அவர் வைத்திருக்கும் ஒரே தகுதி இந்தச் சும்மாதான்.

மூன்று வருடமாக அவர் கேட்டுக் கேட்டுக் கிடைக்காத படம் ஒன்று இருந்தது. புல்லாங்குழல் வாசிக்கும் அம்மாளுடையது. அந்த அம்மாள் அதிகம் பேசமாட்டார். சிரிப்பதையும் அளந்துதான் சிரிப்பார். கீழே விழுந்து வலது மணிக்கட்டு உடைந்து, அறுவை சிகிச்சையாகி, எட்டு மாதம் குழலைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அந்த எட்டு மாதமும் இடது கையால் தன் வலது கையை வரைந்திருக்கிறார், குழல் பிடித்திருப்பதுபோல. தினம் ஒன்று. பிறகு அத்தனையையும் கிழித்துப் போட்டுவிட்டார். கட்டுப் பிரித்த அன்றைக்கு, நின்றுபோன கச்சேரியின் இசைக்குறிப்புக்குப் பின்பக்கத்தில் வரைந்த ஒன்றை மட்டும் கிழிக்க மனசு வரவில்லை. அதை யாருக்கும் கொடுத்ததும் இல்லை.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை, வெளியூர்க் கச்சேரிக்குக் கிளம்புகிற வழியில் கடை வாசலில் வண்டியை நிறுத்தி அந்தப் படத்தை நீட்டினார். "காப்பி எடுத்து மாட்டிக்கோ. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து வாங்கிக்கிறேன். அந்த எட்டு மாசத்துல மிச்சம் இருக்கிறது இது ஒண்ணுதாம்மா." அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. காப்பி எடுத்தார். அழகாக வந்தது. அதைக் கையில் பிடித்து ரசித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து நான் உள்ளே நுழைந்தேன்.

நூலக உறுப்பினர் அட்டை புதுப்பிக்க என் அடையாள அட்டையின் காப்பி வேண்டும். "சீக்கிரம்மா, சீக்கிரம்மா, மூடிடுவாங்க" என்று நான் பறந்த பறப்பில், அவர் சுவருக்கான காப்பியை ஓரமாக வைத்துவிட்டு மூடியைத் தூக்கினார். கண்ணாடி காலி. ஒரிஜினலை ஏற்கெனவே உறையில் போட்டுவிட்டோம் என்று நினைத்துக்கொண்டார். என் அட்டையை வைத்து எடுத்தார். என் அவசரம் என்னைச் சும்மா விடுமா? மேசைக்கு மேலே எட்டி, கண்ணாடியில் கிடந்ததையும் தட்டில் வந்ததையும் நானே ஒரே வாரலில் வாரி ஃபைலில் திணித்தேன். "ஒரிஜினல் எடுத்துக்கிட்டீங்களா?" என்று கேட்டார். "எடுத்துக்கிட்டேன், எடுத்துக்கிட்டேன்" என்று சொல்லிக்கொண்டே ஓடினேன். நூலகம் மூடியிருந்தது.

மறுநாள் போனால் அக்காவின் முகம் வீங்கியிருந்தது. உறை காலி. குப்பைக் கூடையைக் கவிழ்த்துப் பார்த்தாயிற்று. இயந்திரங்களை நகர்த்திப் பார்த்தாயிற்று. திங்கட்கிழமை வந்த ஒவ்வொருவருக்கும் போன் போட்டாயிற்று. "நேத்துலேருந்து சாப்பாடு எறங்கல சார். ஊருக்கே ஒரிஜினல் ஒரிஜினல்னு கூவுறவ, நானே தொலைச்சுட்டு நிக்கிறேனே! அவங்க மூஞ்சில எப்படி முழிப்பேன்?" என்னையும் கேட்டார். "என் ஃபைல்ல என் குப்பையைத் தவிர வேற ஒண்ணும் இருக்காதும்மா" என்று பெரிய மனுஷத்தனமாகச் சொன்னேன். திறந்து பார்க்கவில்லை. போதாக்குறைக்கு ஒரு யோசனை வேறு: "காப்பிதான் இருக்கே. அதே மாதிரி பழைய தாள்ல எடுத்துக் குடுத்துடு. யாருக்குத் தெரியப்போகுது?"

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பென்சில் படத்தத் தடவினா விரல்ல கரி ஒட்டணும், எழுத்தாளர் சார். காப்பியத் தடவினா என்ன ஒட்டும்?"

புதனும் வியாழனும் அவர் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. சுவரில் மாட்ட வேண்டிய காப்பியை மாட்டாமல் மேசை டிராயரில் கவிழ்த்து வைத்திருந்தார்.

வெள்ளிக்கிழமை மதியம் நான் நூலகத்துக்குப் போனேன். அங்கே உட்கார்ந்திருந்த பெண் என் காப்பியை வாங்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மறுபடி காப்பியைப் பார்த்தார். "சார், யாரோ உங்க கழுத்த நெரிக்கிற மாதிரி இருக்கே?" என்றார். பிடுங்கிப் பார்த்தேன். நடுவில் என் அட்டை, அதில் என் அசட்டு முகம். அட்டையைச் சுற்றி, தாள் முழுக்க, மங்கலாக விரல்கள்.

எனக்கு வந்ததே கோபம்! இப்படியா காப்பி எடுப்பது என்று தெருவெல்லாம் புலம்பிக்கொண்டு போய், தாளை அக்காவின் மேசைமேல் அடித்தேன். "என்னம்மா இது? என் மூஞ்சியக் கேலி பண்றியா?"

அக்கா தாளைப் பார்த்தார். மூடியைப் பார்த்தார். ஒரே பாய்ச்சலில் போய் அதைத் தூக்கி, குனிந்து, அடிப்பக்கத்தைப் பார்த்தார். வெறும் வெள்ளைதான். ஆனாலும் அவர் முகத்துக்கு உயிர் வந்துவிட்டது. "ஐயோ சார்! மூடியில ஒட்டிக்கிட்டு இருந்திருக்கு! காஞ்ச நாள்ல பேப்பர் இப்படி ஒட்டும் சார். நான் கீழதான் பாத்தேன், மேல பாக்கல! உங்க கார்டு சின்னதுங்கிறதால சுத்தி இருந்த எடத்துல படம் விழுந்திருக்கு. மறுபடி தூக்குறப்பக் கீழ விழுந்து..." அவர் நிறுத்தினார். விழுந்ததை யார் வாரினார்கள் என்று இருவருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு ஊரெல்லாம் நெய்க்கு அலைந்த கதை என்பார்கள். இங்கே வெண்ணெய் இருந்தது என் வீட்டில், அலைந்தது அவர்.

ஃபைலைக் கொட்டினேன். இல்லை. அக்கா கடையைப் பூட்டாமலே என்னோடு ஓடி வந்தார். வீட்டில் என் மனைவி எங்கள் இருவரையும் பார்த்துப் பயந்துபோய் எழுந்தாள். "ஏம்மா, என் பேப்பருக்குள்ள ஒரு படம்..." என்று தொடங்கினேன். அவள் முகம் மலர்ந்தது.

"அந்தக் கை படமா? செவ்வாக்கெழமையே எடுத்துக் கண்ணாடியில சொருகி வெச்சுட்டேனே! முப்பது வருஷமா எழுதி எழுதிக் கிழிச்சீங்க, ஒண்ணும் புரியல. இதுதாங்க நீங்க செஞ்சதுலயே உருப்படி. நீங்களாச் சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டே இருக்கேன்."

பீரோக் கண்ணாடியின் மூலையில் அது இருந்தது. தலையில் வாருவதற்கு ஒன்றும் இல்லாததால் நான் அந்தக் கண்ணாடிப் பக்கம் போவதில்லை. அக்கா படத்தை எடுத்தார். ஓரத்தில் விரலால் மெல்லத் தொட்டார். விரலைத் திருப்பிப் பார்த்தார். கரி. அப்படியே கட்டிலில் உட்கார்ந்து, "வயித்துல பால வார்த்தீங்கம்மா" என்று என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கும் நாலு நாள் பாரம் இறங்கியதுபோல் இருந்தது. சுமந்தவர் அவர், நான் இல்லை, ஆனாலும் இருந்தது. படத்தை வரைந்தது நான் இல்லை என்று அறிந்ததில் வருத்தப்பட்டவள் என் மனைவி ஒருத்திதான்.

சாயங்காலம் குழல் அம்மாள் வந்தார். படம் உறைக்குள் பத்திரமாக இருந்தது. வாயை மூடிக்கொண்டு கொடுத்திருந்தால் கதை முடிந்தது. நான் கண்ணைக் காட்டிக்கூடப் பார்த்தேன். அக்கா என்னைக் கவனிக்கவே இல்லை. "மேடம், திங்கக்கெழமைலேருந்து இன்னிக்கு மதியம் வரைக்கும் இது எங்கிட்ட இல்ல," என்று தொடங்கி, மூடி, என் கழுத்து, பீரோ வரை ஒன்று விடாமல் சொன்னார். என் அடையாள அட்டைக் காப்பியையும் எடுத்து நீட்டினார்.

அந்த அம்மாள் காப்பியை வெகுநேரம் பார்த்தார். பிறகு முதல் தடவையாக அளக்காமல் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வருகிறவரை சிரித்தார். "இதையும் மாட்டு" என்றார். சிரிப்பு அடங்கியதும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பைக்குள் கையை விட்டு, ஓரம் மடங்கிய தடித்த நோட்டு ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"கை சரியானப்புறமும் இடது கை வரையுறத நிறுத்தல. யார்கிட்டயும் காட்டினதில்ல. பாத்துட்டு வை. அடுத்த வாரம் வரேன்." எத்தனை படம் என்று எண்ணிக்கூடக் காட்டாமல் படி இறங்கிப் போய்விட்டார்.

அக்கா நோட்டைத் தொடவில்லை. இரண்டு கையையும் புடவையில் மாறி மாறித் துடைத்தார். பிறகு அதை எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொண்டு, டிராயரில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகினார். நான் ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "வரேம்மா" என்று கிளம்பினேன். வழக்கமான கேள்வி வரவில்லை. திரும்பிப் பார்த்தேன்.

அக்கா மேசைக்கு மேலே கையை நீட்டிக்கொண்டு நின்றார். நான் ஃபைலைக் கொடுத்தேன். ஒவ்வொரு தாளாக எடுத்து, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, காலி ஃபைலைத் தலைகீழாகப் பிடித்து உதறி, அதன் அடியிலும் இரண்டு தட்டு தட்டிவிட்டுத்தான் என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.