ஒற்றைக்கொம்பு முதலில்

வலது மணிக்கட்டு வீங்கியபோது நான் மாட்டுத்தாவணிக்கு எதிரே ஒரு திருமணத் தகவல் மையத்தில் டைப்பிஸ்ட். பழைய சாஃப்ட்வேரில் இருந்த வரன் விவரங்களையெல்லாம் புதியதில் ஏற்ற வேண்டும். புதியது காப்பி, பேஸ்ட் எதற்கும் மசியவில்லை. பிரிண்ட் எடுத்த தாளைப் பார்த்து ஒவ்வொன்றாக மறுபடி அடித்துக்கொண்டிருந்தேன். இப்படியே போனால் கை போய்விடும் என்றார் டாக்டர். அதை மேனேஜரிடம் சொன்னேன்.

"முடியலைன்னா வீட்ல இரும்மா. ஒன் ஜாதகத்தையும் சேத்து ஏத்திட்டுப் போ, நல்ல மாப்பிள்ளையாப் பாத்துருவோம்" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கையையும் விட மாட்டேன், வேலையையும் விட மாட்டேன். பிரவுசிங் சென்டருக்குப் போய், நம் கைவேலையைத் தானாகச் செய்யும் ஒரு மேக்ரோ புரோகிராமை ஃப்ளாப்பியில் பிடித்துவந்தேன்.

முதலில் மவுஸை நம்பினேன். திரையில் எந்தெந்த இடத்தில் கிளிக் விழ வேண்டும் என்று சொல்லிவைத்தேன். அம்புக்குறி தானாக ஓடியது. மேனேஜர் எட்டிப் பார்க்க வந்தவர் விண்டோவைக் கொஞ்சம் நகர்த்திவிட்டார். 'சேமி' இருந்த இடத்துக்கு 'நீக்கு' வந்துவிட்டது. நான் கவனிப்பதற்குள் மாப்பிள்ளைகள் வரிசையாகக் காணாமல் போனார்கள். பேக்கப் இருந்ததால் பிழைத்தேன்.

அடுத்து, மவுஸே வேண்டாமென்று பழைய ஃபைலின் எழுத்துகளை நேராகக் கட்டங்களுக்குள் அனுப்பினேன். 'பெண்' வர வேண்டிய இடத்தில் 'ெபண்' வந்தது.

மேனேஜர் சிரித்தார். "மிசினுக்கு என்னம்மா தமிழ் தெரியும்? நாளைக்கு வேற ஆளு வருது."

அந்தச் சிரிப்புதான் என்னை யோசிக்க வைத்தது. தமிழ் டைப்ரைட்டிங் பழகிய விரல் 'பெ' அடிக்க முதலில் ஒற்றைக்கொம்பைத் தட்டும், பிறகுதான் 'ப'. பழைய ஃபைலிலும் அதே வரிசைதான். கீபோர்டு வழியாக வந்தால் புதிய சாஃப்ட்வேர் அதைச் சரியாகச் சேர்த்துவிடும். எழுத்தாக அனுப்பியதுதான் என் தப்பு. விரல் அமுக்குவது போல ஒவ்வொரு கீயாக அனுப்ப வேண்டும். கட்டம் விட்டுக் கட்டம் தாவ டேப் கீ போதும். சாயங்காலத்துக்குள் எல்லாவற்றையும் மாற்றி எழுதினேன்.

மறுநாள் காலை மேனேஜர் வந்தபோது வலது கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திரையில் பெண், பெயர், கோத்திரம் எல்லாம் பிசகாமல் விழுந்துகொண்டிருந்தன. ஒரு தாளை எடுத்துத் திரையோடு ஒப்பிட்டுப் பார்த்தார். பிறகு, வரச்சொன்ன ஆளுக்குப் போன் போட்டு வேண்டாம் என்றார். ஆனால் மனசு ஒப்பவில்லை போலும், அன்றாட வேலையைக் குறிக்கும் ரெஜிஸ்டரை என் முன்னால் தள்ளினார்.

"அம்புட்டையும் அடிச்சது மிசினு. அடிச்சவர் பேருன்னு ஒரு கட்டம் இருக்குல்ல, அதுல கம்ப்யூட்டர்னு போடு."

"கொம்பு மொதல்ல வரும்னு அதுக்குச் சொல்லிக் குடுத்தது யாரு சார்?"

பேனாவை இடது கையில் எடுத்து, கோணல்மாணலாக, என் பெயரை முழுசாக எழுதினேன்.