சட்டைப் பொத்தான்

ஆண்கள் வார்டு ஆயாவுக்குப் பட்டாசு என்று பட்டப்பெயர். அவள் வாயைத் திறந்தால் டாக்டர்கூட ஒதுங்கிப் போவார். ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயில் காலைப் பூசையில் நன்மை அப்பம் வாங்கிய கையோடு நேரே வேலைக்கு வந்துவிடுவாள்.

அன்று முதலில் கடைசிக் கட்டில்காரருக்கு உடம்பு துடைக்க வேண்டும். படுத்த படுக்கையாய்க் கிடப்பவர். பார்க்க ஒரு நாதி வராது. கிட்டே போனால் கெட்ட வார்த்தைதான் வரும். பதிலுக்கு என்ன திட்டலாம் என்று யோசித்தபடியே வெந்நீர்ப் பேசினோடு கட்டில் பக்கம் திரும்பியவள், கோயில் பெஞ்சுக்குள் நுழையுமுன் பீடத்தைப் பார்த்து முழங்காலிடும் பழக்கத்தில், தண்ணீர் தளும்ப முழங்காலிட்டுவிட்டாள்.

"என்னம்மா, ஏதாவது கீழ விழுந்துடுச்சா?" என்றார் அவர்.

சமாளிக்க ஒரு பொய்கூட வாயில் வரவில்லை. "இல்லய்யா, கோயில்னு நெனச்சுட்டேன். சாமிக்குப் போடற முழங்கால்."

வசவுக்குக் காத்திருந்தாள். அவரோ திறந்து கிடந்த சட்டையின் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட ஆரம்பித்தார், முக்கியமான யாரோ தன்னைப் பார்க்க வந்துவிட்டது போல.

அவர் கடைசிப் பொத்தானைப் போடும் வரைக்கும் பட்டாசு எழுந்திருக்காமல் இருந்தாள். பிறகு, இத்தனை வருஷத்தில் எந்த நோயாளியிடமும் கேட்காததைக் கேட்டாள்.

"சட்டையக் கழட்டட்டுமாய்யா?"