இருபதாவது ஊசி

கம்ப்யூட்டர் திருத்துவது வாய் குறைந்தவனுக்குத் தோதான தொழில் என்று நம்பித்தான் இதற்குள் வந்தேன். பெட்டி கதைக்காது என்பது உண்மைதான். ஆனால் அது தனியாக வருவதில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை கல்முனையில் என் கடைக்குள் இருந்தவர்கள் ஐந்து பேர். நான். முன் மேசையில் போன் திருத்தும் மகேந்திரன். சம்மாந்துறையிலிருந்து ஒரு பெட்டியைத் தூக்கிவந்த ரிஸ்வான். அவருடைய ராத்தா, அதாவது அக்கா, ஜெஸீமா. ஐந்தாவது ஆள், அவர்களை ஏற்றிவந்த ஆட்டோக்காரர். அவரைச் சேர்ப்பதா விடுவதா என்று கொஞ்சம் யோசித்தேன். ஒரு கால் வாசற்படிக்கு உள்ளே இருந்தபடியால் சேர்த்துக்கொண்டேன். எண்ணாமல் எனக்கு எந்த வேலையும் ஓடாது. எட்டாம் வகுப்போடு நின்றவனிடம் மிஞ்சிய படிப்பு அது ஒன்றுதான். அந்தப் படிப்பே என்னைக் கவிழ்த்த கதையை, என்னைப் போல் திருகாணிகளோடு மல்லுக்கட்டும் உங்களிடம்தான் சொல்ல முடியும்.

மேசைக்குக் கீழே போகிறவர்

ஜெஸீமா வீட்டில் இருந்தபடி கலியாணக் கார்டுகள் வடிவமைக்கிறார். வருகிறவர்கள் எல்லோரும் போட்டோக்களைப் பென்டிரைவில்தான் கொண்டுவருவார்கள். பெட்டியின் முன்பக்கத்து போர்ட் செத்து ஒரு வருடம். பின்பக்கத்து போர்ட்டில் செருக வேண்டுமானால் மேசைக்குக் கீழே தவழ்ந்து சுவர்ப்பக்கம் கையை விட வேண்டும். ஜெஸீமாவுக்குச் சிறுவயதில் நடந்த விபத்தில் ஒரு கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. ஆகவே இந்த ஒரு வருடமும் தவழ்ந்தவர் தம்பி ரிஸ்வான். அவர் வருகிற சனிக்கிழமை கட்டாருக்கு வேலைக்குப் போகிறார்.

பெட்டியைத் திறந்து பார்த்தேன். முன் போர்ட்டின் வயர் போய்ச் சேரும் இடம் மதர்போர்டில் எரிந்து கிடந்தது. புதிதாக ஒரு கார்ட் போட்டு அந்த வயரை அதில் கொழுவிவிடலாம், வெள்ளிக்கிழமைக்குள் முடியும் என்றேன். இதையெல்லாம் ஜெஸீமாவின் முகத்தைப் பார்த்தல்ல, பெட்டியைப் பார்த்துத்தான் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, அண்ணன் முறைக்கு என்னைக் காக்கா என்று கூப்பிட்டுச் சொன்னார்:

"இவன் போனா மறுகா மேசைக்குக் கீழ போறதுக்கு வீட்டில பூனைதான் காக்கா இரிக்கி. அது பென்டிரைவத் தூக்கிட்டு ஓடிரும்."

பத்தொன்பது

புதன்கிழமை காலை கொழும்பு பஸ்ஸில் கார்ட் வந்து சேர்ந்தது. முன் வயரைக் கொழுவுவதற்காக அதில் ஒரு சின்னக் கூடும், கூட்டுக்குள் இரண்டு வரிசையாக ஊசிகளும் இருந்தன. வழக்கம் போல் எண்ணினேன். ஒரு வரிசையில் பத்து. மற்றதில் ஒன்பது. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபக்கத்திலிருந்து எண்ணினேன். அப்போதும் பத்தொன்பது.

கார்டோடு ஒரு தாள் வந்திருந்தது, இங்கிலீசில். எனக்கு இங்கிலீசில் இலக்கம் மட்டும்தான் ஓடும். கொழும்புக் கடைக்குப் போன் எடுத்துக் கேட்டிருக்கலாம். என்ன சொல்வது என்று மனதுக்குள் மூன்று தடவை சொல்லிப் பார்த்தேன், மூன்றும் சரிவரவில்லை, போனைக் கீழே வைத்துவிட்டேன். ஊசி இல்லாத இடத்தில் சின்னத் துளை ஒன்று இருந்தது, அதனால் சந்தேகம் தீர்ந்தது: விழுந்துவிட்டது, அல்லது போட மறந்துவிட்டார்கள். பழைய மதர்போர்ட் ஒன்றிலிருந்து அதே தடிப்பில் ஓர் ஊசியைப் பிடுங்கி, உயரம் பார்த்து வெட்டி, ஈயம் வைத்து ஒட்டினேன். எது புதிது எது பழையது என்று எனக்கே தெரியாத அளவுக்கு நேராக நின்றது. இருபது. அன்று பகல் சோறு நன்றாக இறங்கியது. மகேந்திரன் எட்டிப் பார்த்துச் சொன்னார்:

"கம்பெனிக்காரன் பாத்தா உங்களத் தூக்கிட்டுப் போயிருவான் காக்கா."

இரண்டு கம்பெனிகள்

பின்னேரம் முன் போர்ட்டின் வயரை எடுத்துக் கொழுவினேன். போகவில்லை. திருப்பிக் கொழுவினேன். அப்போதும் போகவில்லை. கொஞ்சம் அழுத்தினேன், வேறு இரண்டு ஊசிகள் சாய்ந்தன. வயரின் தலையை வெளிச்சத்தில் பிடித்து எண்ணினேன். துளைகள் பத்தொன்பது. இருபதாவது துளை இருக்க வேண்டிய இடம் அடைபட்டிருந்தது.

உங்களில் யாராக இருந்தாலும் இந்த இடத்தில் நின்று யோசித்திருப்பீர்கள். நான் அந்தத் துளையைத் திறப்பதற்குத் தையலூசி ஒன்றைக் காய்ச்சத் தொடங்கினேன். கார்ட் செய்தவனும் ஒன்றை மறந்தான், பெட்டி செய்தவனும் அதே இடத்தில் ஒன்றை மறந்தான், காலம் கெட்டுப்போய்விட்டது என்று மகேந்திரனிடம் குறைப்பட்டுக்கொண்டேன். அவர் கையிலிருந்த போனைக் கீழே வைத்துவிட்டு, ஒரு பிள்ளைக்குச் சொல்வது போல் மெதுவாகச் சொன்னார்:

"ரெண்டு பேரும் ஒரே இடத்தில மறந்தா அது மறதியில்ல காக்கா, பேசிவெச்ச வேல."

சொல்லாமல் விட முடியாதது

வயரைத் தலைகீழாகக் கொழுவிவிடக் கூடாது என்பதற்காகவே அந்த இடத்தைக் காலியாக விடுகிறார்களாம். ஒட்டியதற்கு அரை மணி நேரம் போனது, கழற்றுவதற்கு இரண்டரை மணி நேரம். சாய்ந்த இரண்டையும் தையலூசியால் நிமிர்த்தினேன். வயர் சத்தமில்லாமல் போய் உட்கார்ந்தது. பென்டிரைவைச் செருகினேன், விளக்கு எரிந்தது.

வியாழக்கிழமை ராத்தாவும் தம்பியும் வந்தார்கள். ஒன்றும் சொல்லாமல் பெட்டியைக் கொடுத்திருக்கலாம். ஆனால் ஒருமுறை வளைந்து நிமிர்ந்த ஊசி எப்போதாவது ஒடியலாம். ஒடிகிற அன்று ரிஸ்வான் வீட்டில் இருக்கமாட்டார். ஆகவே நடந்தது எல்லாவற்றையும் பெட்டியைப் பார்த்தபடி சொன்னேன். அந்த வயரை யாரும் கழற்ற வேண்டாம், ஏதும் பிசகினால் எனக்கு அறிவித்தால் போதும், நானே வருவேன் என்றும் சொன்னேன். ரிஸ்வானுக்கு முகம் சுருங்கியது. ஜெஸீமா ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கண்ணில் நீர் வரும் வரை சிரித்தார்.

"கார்டோட நிப்பாட்டினீங்களே காக்கா, நல்லது. என்ட கால எண்ணியிருந்தா அதுக்கும் ஒண்டு ஒட்டியிருப்பீங்க."

வெள்ளிக்கிழமை

ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் ரிஸ்வான் போனில் கூப்பிட்டார். போர்ட் வேலை செய்யவில்லை. உடுத்திருந்த சாரத்தை மாற்றாமலே சைக்கிளில் சம்மாந்துறைக்கு மிதித்தேன். வழியில் ஒடிந்த ஊசிகளைத்தான் மனதுக்குள் எண்ணிக்கொண்டு போனேன்: ஒன்றா, இரண்டா.

வீட்டில் ஒரு சூட்கேஸ் பாதி அடுக்கியபடி திறந்து கிடந்தது. ஜெஸீமா கதிரையில் இருந்தார். அன்று அவர் சிரிக்கவில்லை. ரிஸ்வான் பழக்கதோஷத்தில் மேசைக்குக் கீழே போய்விட்டிருந்தார். பெட்டியை இழுத்துத் திறந்தேன். ஊசிகள் பத்தொன்பதும் நின்றன. கார்டுக்குக் கரண்ட் கொடுக்கும் வயர்தான் ஆட்டோ குலுக்கியதில் கழன்று தொங்கியது. ஊசிகளை அத்தனை தடவை எண்ணிய நான் அந்த வயரை ஒருமுறைகூட இழுத்துப் பார்க்கவில்லை. அழுத்திக் கொழுவி, கட்டும் போட்டேன். ஜெஸீமா கதிரையை விட்டு அசையாமல் கையை நீட்டிப் பென்டிரைவைச் செருகினார். விளக்கு எரிந்தது. எடுத்துவிட்டு மறுபடி செருகினார். பிறகும் ஒரு தடவை. மூன்று தடவையும் எரிந்தது. கடைசியில் மேசைக்குக் கீழேயிருந்து ரிஸ்வானின் குரல் வந்தது:

"அப்ப நான் போகத்தான் வேணும் போல."

சனிக்கிழமை அவர் விமானம் ஏறியிருக்கும் நேரத்தில் கடை மேசையைத் துடைத்துக் கணக்குப் பார்த்தேன்: இந்த வேலையில் நான் போட்டது ஓர் ஊசி, கழற்றியது ஓர் ஊசி, மிச்சம் மேசையில் கிடந்த அந்த ஒன்று.