காலமில்லாத வரைபடம்

நான் ஒரு பெண்ணிடம் காலத்தை மறைத்தேன். விலையைப் பற்றி ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. காலத்தை மட்டும் மறைத்தேன்.

நீங்கள் என்னை வெற்றியாளன் என்று கேள்விப்பட்டிருக்கலாம். உண்மைதான், வென்றேன்! கண்டியில் வாடகைக்கு எடுத்த மாடியறையொன்றில், ஞாயிறுதோறும், தேயிலைத் தோட்டத்து மக்களுக்குப் பங்குச்சந்தையைக் கற்பித்தேன். தலைமுறைகளாகக் கொழுந்து பறித்துக் கொடுத்த கம்பனியில் எங்களுக்கு ஏன் ஒரு பங்கும் இல்லை? பட்டதாரியாகி ஊர் திரும்பிய என்னை எரித்த கேள்வி அது.

சந்தை வரைபடங்கள் பெரும்பாலானவற்றின் அடியில் காலம் ஓடும்: நாள், வாரம், மாதம். அந்தக் கம்பனியின் பங்கை அப்படி வரைந்தால், நீண்டு கிடக்கும் ஒரு சமவெளிதான் தெரியும். யார் நம்புவார்கள்?

வேறொரு முறையைத் தேர்ந்தேன். விலை ஏறினால் பெருக்கல் குறி, இறங்கினால் வட்டம், திசை மாறினால் அடுத்த நிரல். விலை அசையாவிட்டால்... எதுவுமே இல்லை! உறங்கிய வருடங்கள் தாளிலேயே இரா. ஒரு நிரல் ஒரு வாரத்திலும் முடியலாம், வருடக்கணக்கிலும் இழுபடலாம். முறையில் பிழையில்லை, விலையின் வலிமையைக் காட்ட அதைவிடச் சிறந்தது இல்லை என்று இன்றும் வாதிடுவேன்.

“என்னா சேர், கோழி கெளறுன மாதிரி இருக்கு!” என்றார் திரீவீல் ஓட்டும் சிவகுமார். அறையே சிரித்தது.

ஹேவாஹெட்டையிலிருந்து வந்திருந்த செல்வராணி அக்கா சிரிக்கவில்லை. தோட்டத்தில் ஓய்வுபெற்றபோது கிடைத்த சேமலாப நிதி அவரிடம் இருந்தது. மகளின் மருத்துவமனைத் தாதிப் பயிற்சிக் கட்டணத்துக்கு அது போதும். விடுதிச் செலவுக்குத்தான் போதாது. எழுந்து வந்து, வெண்பலகையில் நான் குறித்திருந்த இலக்கு விலை வரை நிரல்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டார்.

“தம்பி, இந்த வரிசை ஒன்னொன்னும் ஒரு மாசந்தானே? சம்பளத்துக்குச் சம்பளம்?”

சம்பள நாளைக் கொண்டே வாழ்நாளை அளந்தவர் வேறு எப்படி வாசிப்பார்? இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அறை முழுவதும் என்னையே பார்த்தது...

“அப்படி வச்சுக்கலாம் அக்கா,” என்றேன்.

“அப்ப மகளோட கோர்ஸ் தொடங்குறதுக்குள்ள வந்துரும்.”

சேமலாப நிதி முழுவதையும் போட்டு அந்தப் பங்கை வாங்க அவர் துணிந்ததைக் கண்டே மற்றவர்களும் துணிந்தார்கள்.

பங்கு அசையவில்லை. மாதங்கள் போயின, என் வரைபடத்தில் ஒரு குறிகூட ஏறவில்லை. பிறகு விலை சற்று இறங்கியது. பயிற்சி தொடங்கும் நாள் நெருங்கவே, அக்கா நட்டத்துக்கு விற்றார். போதுமாயிருந்த கட்டணத்துக்கும் இப்போது போதவில்லை. மகள் தையல் தொழிற்சாலைக்குப் போனாள்.

பின்னர் விலை ஏறியது! நான் குறித்த இடத்தைத் தொட்டது, தாண்டியது! பங்குதாரர் கூட்டத்துக்கு எங்கள் மக்கள் போனார்கள். தோட்டத்துரையின் முன் நின்றே பழகியவர்கள் முதல் வரிசைக் கதிரைகளில் அமர்ந்தார்கள். தாங்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளின் கூரைகளை எப்போது மாற்றுவீர்கள் என்று கம்பனித் தலைவரையே கேட்டார்கள்! அவர் பதில் சொன்னார். சொல்லியே ஆகவேண்டியிருந்தது! அந்த நிமிடத்துக்காக நான் இன்னொரு முறையும் பிறக்கலாம்.

பாராட்டு விழாவில் எனக்குப் பொன்னாடை போர்த்தியவர் செல்வராணி அக்கா.

“தம்பி சொன்னது சொன்னபடி வந்துருச்சு. எனக்குத்தான் பொறுமை இல்லாமப் போச்சு,” என்றார் ஒலிவாங்கியில். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் கைகூப்பினேன்.

அவரா பொறுமையற்றவர்? காலம் தெரியாது என்று நான் சொல்லியிருந்தால், அவர் பணத்தை வங்கியிலேயே விட்டிருப்பார். விடுதிச் செலவுக்குக் கடன்பட்டாவது படிக்க வைத்திருப்பார். மகள் இன்று தாதியின் வெள்ளைச் சீருடையில் இருந்திருப்பாள். ஆனால் அந்த முதல் வரிசைக் கதிரைகள்? அவர் துணியாவிட்டால் அவை நிரம்பியிருக்குமா? இரண்டையும் நிறுத்துப் பார்க்கிறேன். பலரின் வெற்றி கனமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அந்த ஒருத்தியின் பக்கம் மேலெழ மறுக்கிறது.

உங்களிடம் சொல்லிவிட்டேன். அவரிடம் சொல்லவில்லை.

போன வாரம் அக்கா தொலைபேசியில் அழைத்தார். பக்கத்து லயத்துப் பெண்ணொருத்தியை என் வகுப்புக்கு அனுப்புகிறாராம்.

“என்னைய மாதிரி அவசரப்படாத, தம்பி சொல்றபடி இருன்னு புத்தி சொல்லித்தான் அனுப்புறேன்.”

“சரி அக்கா,” என்றேன்.